நான்காம் அத்தியாயம்: தவறு தெரிந்த பின் தலைவன் செய்ய வேண்டியவை

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தை நடுவாக வைத்துப் பார்த்தால், தலைமையைப் பற்றிய பழங்கதைகள் அரை நாள் பயணத்துக்குள் பல கிடைக்கின்றன. குறும்பர் கோட்டை இருந்ததாகச் சொல்லப்படும் புழல் பக்கத்தில் இருக்கிறது. தொண்டைமான் யானையிலிருந்து இறங்கிய திருமுல்லைவாயில் அதைவிடத் தொலைவில்லை. பூசலாரின் திருநின்றவூர், திருக்கச்சி நம்பிகளின் பூவிருந்தவல்லி, திருமழிசை ஆழ்வாரின் திருமழிசை, சேக்கிழாரின் குன்றத்தூர் ஆகியவையும் இதே வட்டாரத்தைச் சேர்ந்தவை. இந்தக் கதைகளில் வரும் அரசர்கள் பெரும்பாலும் வெற்றிக்காக நினைக்கப்படுபவர்கள் அல்லர். கையிலிருக்கும் அதிகாரம் ஓர் எளிய உயிரின் மேல் பட்டுவிட்டது என்று தெரிந்ததும் என்ன செய்தார்கள் என்பதற்காகவே மக்கள் அவர்களை நினைவில் வைத்திருக்கிறார்கள். தலைமையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது. குடியிருப்போர் நலச்சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு, கோயில் திருப்பணிக் குழு, பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறை ஆகியவற்றை நடத்துபவர்களுக்கு இந்தக் கதைகள் எந்த வகையில் உதவும் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

திருமுல்லைவாயில்: யானையிலிருந்து இறங்குதல்

தலபுராணம் சொல்லும் கதை இது. புழலில் கோட்டை அமைத்திருந்த ஓணன், வாணன் என்னும் குறும்பர்களை அடக்கப் படையோடு போன தொண்டைமான் என்னும் அரசன், அவர்களை வெல்ல முடியாமல் திரும்பும் வழியில் முல்லைக்காட்டுக்குள் வந்தான். அவன் ஏறியிருந்த யானையின் காலை முல்லைக்கொடிகள் சுற்றிக்கொண்டன. யானையின் மேல் இருந்தபடியே வாளை உருவிக் கொடிகளை வெட்டினான். வெட்டிய இடத்தில் இரத்தம் பீறிட்டது. இறங்கிப் பார்த்தபோது கொடிகளுக்கு அடியில் ஒரு சிவலிங்கம், அதன் உச்சியில் வாள்வெட்டு. செய்த பாவத்துக்குத் தன் தலையே ஈடு என்று அதே வாளைத் தன் கழுத்தில் வைத்தான். இறைவன் தோன்றித் தடுத்து, நந்தியைத் துணைக்கு அனுப்பிப் போரை முடிக்கச் சொன்னார். வென்று திரும்பிய தொண்டைமான் அங்கே கோயில் எழுப்பினான். சுந்தரர் இத்தலத்துத் தேவாரப் பதிகத்தில் தொண்டைமானையும் முல்லைக்கொடியையும் பாடியிருக்கிறார். ஆகவே கதை அவர் காலத்துக்கும் முந்தியது.

இந்தக் கதையில் தலைவனாக இருப்பவர் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் பல உள்ளன. முதலாவது, தவறு நடந்த நேரம். தொண்டைமான் கொடியவன் அல்லன். தோற்றுத் திரும்புகிறான், படை சோர்ந்திருக்கிறது, வழி அடைபட்டிருக்கிறது. அவசரமும் அவமானமும் சேர்ந்த அப்படிப்பட்ட வேளையில்தான் வாள் தானாக உறையை விட்டு வருகிறது. பட்டறையில் ஆர்டர் தவறிய வாரத்திலும், சங்கத்தில் மழைநீர் தெருவில் தேங்கி எல்லோரும் செயலாளரைத் திட்டிய மறுநாளிலும் எடுக்கப்படும் முடிவுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. தோல்விக்கு அடுத்த நாள் யாரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை, எந்தக் கடையையும் அகற்றச் சொல்வதில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது நல்லது. ஓர் இரவு பொறுத்தால் பல வெட்டுகள் தேவையற்றுப் போகும்.

அடுத்தது, அவன் இருந்த உயரம். யானையின் முதுகிலிருந்து பார்க்கும்போது கொடி வெறும் இடைஞ்சலாகவே தெரிந்தது. லிங்கம் அங்கே முன்பே இருந்தது, அவனுக்குத்தான் தெரியவில்லை. வடிகால் போடுவதற்காகத் தெருவோரத் தள்ளுவண்டியை அகற்றச் சொல்லும் சங்கத் தலைவருக்கு, அந்த வண்டியை நம்பியிருக்கும் வீடு தெரிவதில்லை. உத்தரவுக்கு முன்பே இறங்கி நடந்து பார்ப்பது தொண்டைமானுக்கு வாய்க்காத வசதி. மற்றவர்களுக்கு அது உண்டு. குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் சுலைமான் நபி தம் பெரும்படையுடன் எறும்புகளின் பள்ளத்தாக்கை நெருங்கும்போது ஓர் எறும்பு, படை அறியாமல் மிதித்துவிடக்கூடும் என்று தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. அந்தக் குரல் அரசரின் காதில் விழுகிறது. அவர் புன்னகைத்து, தமக்கு அளிக்கப்பட்ட அருளுக்கு நன்றி சொல்கிறார். தொண்டைமான் கதையையும் இதையும் சேர்த்துச் சொன்னால், காலடியில் இருப்பவர்களின் குரல் மேலே எட்ட வழி இருக்கிறதா என்ற கேள்வி கூட்டத்தில் தானாக எழும். பறம்பு மலைப் பாரி தேரைக் கொடுத்ததும் ஒரு முல்லைக்கொடிக்குத்தான் என்பது தமிழர் எல்லோருக்கும் தெரியும். அவன் கொடியை உரிய நேரத்தில் பார்த்தவன். தொண்டைமான் தாமதமாகப் பார்த்தவன். நடைமுறையில் பெரும்பாலான தலைவர்கள் தொண்டைமான் பக்கமே நிற்க நேர்கிறது. அதனால் வழிகாட்டியாக அவன் கதைக்குப் பயன் அதிகம்.

மூன்றாவது இடம் பலர் கவனிக்காமல் விடுவது. தன் தலையை வெட்டிக்கொள்ள முனைந்த தொண்டைமானை இறைவன் தடுக்கிறார். அந்தத் தியாகம் யாருக்கும் பயன்படாது. வெட்டுப்பட்ட இடத்துக்குக் கோயில் வேண்டும், தொடங்கிய கடமையும் முடிய வேண்டும். தவறு வெளிப்பட்டதும் உடனே ராஜினாமாக் கடிதம் நீட்டும் வழக்கம் சங்கங்களில் அதிகம். சில வேளைகளில் அது நேர்மை. பல வேளைகளில், சரிசெய்யும் சுமையை அடுத்தவர் தலையில் வைப்பதாக முடிகிறது. கணக்கில் பணம் குறைந்திருந்தால் அதை ஈடுகட்டி, பாதிக்கப்பட்டவரிடம் பேசி, நடந்ததை எழுத்தில் வைத்த பிறகு பதவி விலகுவதே முறை.

நான்காவது இடம் கோயிலுக்குள் இன்றும் கண்ணால் காணக்கூடியது. மூலவர் மாசிலாமணீசுவரரின் திருமேனியில் வெட்டுப்பட்ட இடம் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பால் மூடியிருக்கும். சித்திரை சதயத்தன்று அந்தச் சந்தனம் களையப்படும். நந்தி வழக்கம்போல் இறைவனைப் பார்க்காமல், தொண்டைமானோடு புறப்பட்ட கோலத்தில் கிழக்கு நோக்கியிருக்கிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் கருவறைக்கு முன்னே நிற்கின்றன. கோயிலைக் கட்டிய அரசனின் வெற்றி, அவன் பெற்ற துணை, அவன் செய்த பிழை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அமைப்புகள் பொதுவாக முதல் இரண்டையும் சுவரில் மாட்டிவிட்டு மூன்றாவதை மறைக்கின்றன. சுயஉதவிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் தவறான முடிவை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவதைவிட, இன்ன தேதியில் இப்படி முடிவெடுத்தோம், இன்ன காரணத்தால் அது தவறு என்று கண்டோம், இப்படி மாற்றினோம் என்று எழுதி வைப்பது நல்லது. ஐந்து ஆண்டு கழித்து வரும் புதிய நிர்வாகிக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் உதவும்.

இந்தக் கதை வென்றவர் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் குறும்பர்கள் தங்களுக்கென்று கோட்டைகளும் தலைவர்களும் வைத்திருந்து தொண்டை மண்டலத்தை ஆண்டவர்களாக வருகிறார்கள். தொண்டைமானின் இரக்கம் கொடியின் அடியில் இருந்த லிங்கத்தோடு நின்றது. குறும்பர்மேல் தொடுத்த போரைப் பற்றிக் கதை வருந்துவதில்லை. ஒரு தலைவர் எதற்காக வருந்துகிறார், எதற்காக வருந்துவதில்லை என்பதையும் கூட்டத்தில் கேட்கலாம்.

திருநின்றவூர்: கண்ணுக்குத் தெரியாத வேலை

பெரியபுராணம் தரும் பூசலார் வரலாற்றில் அரசன் தவறே செய்யவில்லை. ஆனாலும் அவன் வழிவிட வேண்டியிருந்தது. இது இன்னும் கடினமான சோதனை. காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோன் குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டான். அவனைக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவன் இராசசிம்மன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நாளுக்கு முந்தின இரவு கனவில் இறைவன், திருநின்றவூரில் அன்பன் கட்டிய கோயிலுக்கு அதே நாளில் எழுந்தருள்வதாகவும் காஞ்சி விழாவைத் தள்ளிவைக்கும்படியும் சொல்கிறார். அரசன் தள்ளிவைத்தான், அந்தக் கோயிலைக் காணப் புறப்பட்டும் விட்டான். திருநின்றவூரில் விசாரித்தால் அப்படி ஒரு கோயிலே இல்லை என்கிறார்கள்.

இந்த இடத்தில் சாதாரணத் தலைவர் திரும்பிப் போயிருப்பார். தகவல் பொய் என்று கோபமும் வந்திருக்கும். காடவர்கோன் கேள்வியை மாற்றினான். கோயில் எங்கே என்பதை விட்டு, பூசலார் யார் என்று கேட்டான். இந்த ஊர் அந்தணர் என்று சொன்னதும், அவரை அழைத்து வரச் சொல்லாமல் தானே அவர் இருப்பிடம் போனான். பொருள் இல்லாத பூசலார் தம் நெஞ்சுக்குள்ளேயே கல்லும் மரமும் தேடி, நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் அமைத்து முடித்த செய்தி அப்போதுதான் வெளியே தெரிந்தது. அரசன் அவரை வணங்கித் திரும்பினான்.

ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொரு சங்கத்திலும் பூசலார் ஒருவர் உண்டு. எந்த மெஷின் எந்த நாளில் மக்கர் செய்யும் என்று தெரிந்த ஹெல்பர், மோட்டார் அறைச் சாவியை வைத்துக்கொண்டு விடியற்காலையில் தண்ணீர் ஏற்றுபவர், எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அறிந்து குழுத் தவணையை அதற்கேற்ப மாற்றிக் கேட்கும் பெண் ஆகியோரின் வேலை எந்தக் கணக்கிலும் வராது. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளில் அனுபவமுள்ள ஒருவர் ஓய்வு பெறும்போது அவர் தலைக்குள் இருந்த தொழிலும் அவரோடு வெளியேறுகிறது. ஆண்டு முடிவில் லாப நட்டக் கணக்கு பார்க்கும்போது, யார் இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும் என்ற இன்னொரு பட்டியலும் எழுதப்பட வேண்டும். அதில் இருப்பவரை அலுவலக அறைக்கு வரவழைக்காமல், அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பேசுவதே காடவர்கோன் காட்டிய வழி.

விழாத் தேதியைத் தள்ளியதற்கும் பயன் உண்டு. பணமும் ஆளும் உள்ள பெரிய கோயில் நாளை மாற்றுவது எளிது. பூசலாருக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. பெரிய சங்கமும் சிறிய குழுவும் ஒரே சமுதாயக் கூடத்தை ஒரே நாளில் கேட்டால், மாற்ற வசதி உள்ளவரே மாற்ற வேண்டும். முன்பதிவு யாருடையது என்ற வாதத்தைவிட இந்த விதி நியாயமானது.

திருமழிசை: ஒருவரை அனுப்பினால் பலர் போவார்கள்

திருமழிசையில் பிறந்த ஆழ்வார் காஞ்சித் திருவெஃகாவில் தங்கியிருந்தபோது, அவருக்குத் தொண்டு செய்த மூதாட்டி ஒருத்தி அவர் அருளால் இளமை பெற்றாள் என்கிறது குருபரம்பரைக் கதை. அவளை மணந்த பல்லவ அரசன் தானும் இளமை பெற விரும்பினான். ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை அழைத்து, குருவை அரண்மனைக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது தன்னைப் புகழ்ந்து பாட வேண்டும் என்றான். கணிகண்ணன் மறுத்தார். நாட்டை விட்டு வெளியேறும்படி ஆணை பிறந்தது. சீடர் புறப்பட்டார், சீடரோடு ஆழ்வார் புறப்பட்டார், ஆழ்வார் சொன்னபடி பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். கச்சி நகரம் களையிழந்தது. அரசன் ஓரிக்கைவரை தேடிப்போய், கணிகண்ணனிடமே மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தான்.

இங்கே அரசனின் முதல் பிழை தண்டனை அன்று. தனக்குப் புகழ் வேண்டும் என்று அலுவல் முறையில் கேட்டதே. பாராட்டைக் கேட்டு வாங்கும் தலைவருக்கு, மறுப்பவர் எல்லோரும் எதிரிகளாகத் தெரிவார்கள். இரண்டாவது பிழை, கணிகண்ணனைத் தனி ஆள் என்று எண்ணியது. திறமையும் நேர்மையும் உள்ள ஒருவரை வெளியேற்றும்போது அவரை மதிப்பவர்களும் மனத்தளவில் வெளியேறுகிறார்கள். சிலர் மறுமாதமே வேறு கம்பெனிக்குப் போவார்கள். சிலர் இருந்துகொண்டே இல்லாமல் போவார்கள். போனவர்கள் சம்பளத்துக்காகத்தான் போனார்கள் என்று முதலாளி கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பார்.

ஆனாலும் இந்த அரசனைப் பாராட்ட வேண்டும். தவறை ஓர் இரவில் உணர்ந்தான், ஆள் அனுப்பாமல் தானே போனான், ஆணையை எந்த ஊர் அறிய இட்டானோ அந்த ஊர் அறியவே திரும்பப் பெற்றான். எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்பது பாதி மன்னிப்புதான். வாட்ஸப் குழுவில் ஒருவரைக் குறை சொன்னவர் அதே குழுவில்தான் திருத்த வேண்டும். இராவணன் சபையில் வீடணன் வெளியேற்றப்பட்டபோது திரும்ப அழைக்க நேரம் இருந்தது. சீதையை விட்டுவிடும்படி கும்பகருணனும் எடுத்துச் சொன்னான். இராவணனுக்கு அறிவுரை குறைவாகக் கிடைக்கவில்லை. சொன்னதை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அவனிடம் இல்லாதிருந்தது.

பூவிருந்தவல்லியும் குன்றத்தூரும்: தலைவனுக்கு அருகில் இருப்பவர்

பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். பிறப்பால் உயர்ந்தவர் என்று அக்காலச் சமூகம் ஒப்பாத அவரிடம் 1017இல் திருப்பெரும்பூதூரில் பிறந்த இராமாநுசர் வழிகேட்டுப் போனார். நம்பிகள் வரதரிடம் கேட்டுத் தந்த ஆறு வார்த்தைகளில் ஒன்று, பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள் என்பது. தேடி வந்த மேதையைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், அவருக்கு ஏற்றவரிடம் அனுப்பினார். பயிற்சி கொடுத்த பையன் வேறு இடத்தில் இன்னும் நன்றாக வளர்வான் என்று தெரிந்தால், அங்கே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும் மேஸ்திரி இந்த மரபைச் சேர்ந்தவர்.

குன்றத்தூர்ச் சேக்கிழார் அமைச்சராகவே இருந்து தலைமையை அருகில் பார்த்தவர். இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு வருந்தி, அடியார்களின் வரலாற்றை எடுத்துச் சொன்னார் என்றும், அரசன் கேட்டுக்கொண்டபடி தில்லையில் இருந்து பெரியபுராணம் பாடினார் என்றும் சேக்கிழார் புராணம் சொல்கிறது. நூல் முடிந்தபோது அரசன் அவரை யானைமேல் ஏற்றி, தானும் பின்னே அமர்ந்து கவரி வீசினான். மேலிடத்தைத் திருத்த விரும்புபவர், இது வேண்டாம் என்று நிறுத்திவிடாமல், எது வேண்டும் என்பதைக் கையில் கொண்டு போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. விவிலியத்தில் நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசரிடம் போய், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்கிறார். அரசர் கோபத்தோடு தீர்ப்புச் சொன்ன பிறகே, அந்தச் செல்வன் நீர்தான் என்கிறார். தாவீது மறுக்கவில்லை. இப்படிப் பேசக்கூடிய ஒருவராவது அருகில் இருக்கும்படி தலைவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கத்தில் பொருளாளர் தலைவரின் உறவினராக இல்லாதிருப்பது அதற்கு முதல் படி.

கதைகளைப் பயன்படுத்தும் முறை

எல்லாப் புராணமும் தலைமைப் பாடமாகாது. பக்கத்துத் திருவேற்காட்டு மூர்க்க நாயனார், அடியார்களுக்கு அமுதூட்டச் சொத்தை எல்லாம் செலவழித்து, பிறகு சூதாடிப் பொருள் ஈட்டியவர். ஆட்டத்தில் ஏமாற்றியவரைச் சுரிகையால் குத்தியவர். எல்லையற்ற பக்தியின் வரலாறு அது. நோக்கம் நல்லதென்றால் வழி எதுவானாலும் சரி என்று அதிலிருந்து பிழியக் கூடாது. வென்ற பணத்தை அவர் தாம் தீண்டவில்லை, எல்லோரும் உண்ட பின் கடைப்பந்தியில் உண்டார் என்று சேக்கிழார் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அன்னதானக் குழு நடத்துபவருக்கு அதுவே பெரிய பாடம்.

கூட்டத்தில் கதையை முழுவதும் சொல்ல வேண்டும். தனக்கு வேண்டிய பாதியை மட்டும் சொல்லக் கூடாது. யாரையாவது குத்திக்காட்டுவதற்காகச் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் அடுத்த முறை எந்தக் கதைக்கும் காது கிடைக்காது. சச்சரவு தொடங்கும் முன்பு, புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும் நாளில் சொல்வது சிறந்தது. கள்ளிக்குப்பம் போன்ற ஊரில் கூட்டத்துக்கு வருபவர்களில் பல சமயத்தார் இருப்பார்கள். சுலைமான் நபியின் கதையையும் தாவீதின் கதையையும் அவற்றை வேதமாகக் கொண்டவர்களே சொல்லட்டும். கதை முடிந்ததும் பாடத்தைச் சொல்பவர் சொல்லாமல், அந்த அரசன் இடத்தில் நம் சங்கம் இருந்தால் என்ன செய்யும் என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டு மற்றவர்களைப் பேசவிட வேண்டும்.

குழுவாக இடங்களை நேரில் பார்க்க விரும்புபவர்களுக்கு அம்பத்தூரிலிருந்து மின்சார ரயில் வசதியானது. திருமுல்லைவாயில், ஆவடி, திருநின்றவூர் ஆகியவை ஒரே தடத்தில் இந்த வரிசையில் வருகின்றன. பூசலாரின் இருதயாலீசுவரர் கோயிலைக் காலையில் பார்த்துவிட்டு, மாலையில் நடை திறக்கும்போது திருமுல்லைவாயிலில் இருக்கலாம். பூவிருந்தவல்லிக்கும் திருமழிசைக்கும் பேருந்தில் போக வேண்டும். அவற்றை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.